ஏழாம் தூணின் நிறம் குறித்து

மனிதர்களில் நிறத்தோடு பேரம் பேசுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிறவர்களைச் சொல்லவில்லை; அவர்கள் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்கிற ஆசாமி மஞ்சளைப் பார்த்தால் இது முழு மஞ்சள்தானா என்று கேட்பார். சிவப்பைப் பார்த்தால் எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று கேட்பார். சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் நேற்றுச் சாப்பிட்ட மாம்பழத்தின் மேல் பழியைப் போடுவார்; படகு இயந்திரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த விளக்கைப் பழுது பார்க்கச் சொல்வார்; படுக்கையறைச் சுவரில் விரிசல் விட்டால் சுவருக்கு வயதாகிறது, நமக்கும்தான் ஆகிறது என்று தத்துவம் பேசிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இவரை உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் கூட இருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவர் அதுவரை போவதே கிடையாது. பாதி வழியில் நிழலாக ஒரு சந்தேகம் கிடைத்தால் அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் முதல் மனிதர் இன்ஜினியர் எலியோதோரோ தக்சாகோன். பனாய்த் தீவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லாருடைய குடும்பப் பெயரும் 'த'வில்தான் தொடங்கும். ஸ்பானியர் காலத்தில் பெயர்ப் பட்டியலைக் கிழித்து ஊருக்கு ஒரு பக்கம் கொடுத்தபோது எங்களுக்கு வந்து சேர்ந்த பக்கம் அது. ஆனால் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவிகூட 'இன்ஜினியர், சாப்பாடு ஆறுது' என்றுதான் கூப்பிடுவார். நகராட்சிக் கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. முப்பது வருடமாக.

அவர் தூணைச் சோதிக்கும் முறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சாவியை எடுப்பார். தூணில் மூன்று தட்டு தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தூணில் வைப்பார். சுற்றி நிற்கிற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு கண்ணைத் திறந்து, "பேசுது" என்பார். என்ன பேசுகிறது என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கேன்னுது" என்பார். அவர் காது வைத்த முப்பது வருடத்தில் எந்தத் தூணும் அவரிடம் வேறு எதையும் சொன்னதில்லை.

இப்போது கூடைப்பந்துக் கூடத்துக்கு வருவோம். எங்கள் வட்டாரத்தில் கூடம் என்று ஒன்றுதான் உண்டு. பன்னிரண்டு இரும்புத் தூண், தகரக் கூரை, பக்கங்களில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை, ஒரு வாசல், ஒரு பூட்டு. காலையில் பெண்கள் அங்கே பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்வார்கள். பகலில் தரையில் நெல் காயும். சாயங்காலம் பந்தாட்டம். கல்யாணம் அங்கே, தடுப்பூசி அங்கே, செத்தவர்களைக் கிடத்தி ஊர் முழுக்க உட்கார்ந்து சீட்டு விளையாடுவது அங்கே. புயல் வந்தால் கடற்கரைக் குடிசைகளில் இருக்கிறவர்கள் பாயோடும் கோழியோடும் வந்து தங்குவதும் அங்கேதான். வாசலில் ஒரு பளிங்குக் கல்லில் இன்ஜினியரின் பெயர் இருக்கிறது. முப்பத்தொரு வயதில் அவர் கட்டிய முதல் கட்டடம். ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் அந்தக் கல்லைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவார்.

போன வருடம் பிப்ரவரியில் இலோயிலோ நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் அராசெலி என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு பேரோடு வந்தார். சிறிய உருவம், பெரிய பை. பையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை வில்லைகள், இருபத்துநான்கு. ஒவ்வொரு தூணின் அடியில் ஒன்றும், தூண் கூரையோடு சேரும் இடத்தில் ஒன்றுமாக ஒட்டினார். வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் இருக்கின்றன, குமிழிகளுக்குள் சாயம் இருக்கிறது என்று விளக்கினார். இரும்பு அளவுக்கு மேல் இழுபட்டால் கொஞ்சம் குமிழிகள் உடைந்து பச்சை மஞ்சளாகும். விரிசல் கண்டால் எல்லாம் உடைந்து சிவப்பாகும். வெளியே வந்த சாயம் திரும்பி உள்ளே போகாது. கம்பி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மீட்டர் வேண்டாம்.

"இன்ஜினியர்தான் வந்து பாக்கணும்னு இல்ல. யார் வேணா பாத்துச் சொல்லலாம்" என்று பெருமையோடு முடித்தார்.

நான் இன்ஜினியரின் முகத்தைப் பார்த்தேன். வருடக்கணக்கில் ஊரில் ஒரே பல் வைத்தியராக இருந்தவரிடம், இனிமேல் பல்லை அவரவரே பிடுங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆனாலும் மரியாதையாகக் கை தட்டினார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. நான் வட்டார அலுவலகத்தின் செக்ரட்டரி. கூட்டக் குறிப்பு எழுதுவது, கடிதம் தட்டச்சு செய்வது, வாரம் ஒருமுறை வில்லைகளின் நிறத்தை ஒரு படிவத்தில் குறிப்பது என் வேலை. படிவத்தில் தூணுக்குத் தூண் மூன்று கட்டங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒன்றில் குறி போட வேண்டும். இதைவிடச் சுலபமான வேலையை அரசாங்கம் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஜூன் மாதம் கூடத்தைப் பெருக்குகிற மானாங் தெலிங் அலுவலகத்துக்கு வந்தார். மானாங் என்றால் அக்கா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பூட்டுச் சாவி அவரிடம்தான். எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் என்னை இன்னும் 'தோத்தோ' என்று, அதாவது தம்பிப் பயலே என்றுதான் கூப்பிடுவார். ஏழாம் தூணின் அடி மஞ்சளாகிவிட்டது என்றார். கடல் பக்கத்து முதல் தூண் அது. மழை நீர்க்குழாய் அதை ஒட்டித்தான் இறங்குகிறது.

இன்ஜினியர் மூன்றாம் நாள் வந்தார். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்தார். என்னைக் குடை பிடிக்கச் சொல்லி நிழலில் பார்த்தார். குடையை மடக்கச் சொல்லி வெயிலில் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மூன்று தட்டு தட்டினார்.

"இது மஞ்சள் இல்ல. காலமன்சி" என்றார்.

காலமன்சி எங்கள் ஊர்ச் சின்ன எலுமிச்சை. அது பழுத்தால் மஞ்சள்தானே என்று மானாங் தெலிங் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இது பழுக்கல" என்றார் இன்ஜினியர்.

படிவத்தில் காலமன்சிக்குக் கட்டம் இல்லை. அவர் சொன்னபடி நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன். அளவுகோல் வைத்து, நேராக. அழகாகவே வந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களை எல்லாம் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும்; எங்களுக்கும் வந்தது. எதிர்ப்புறம் ஒரு கவுன்சிலர் தனக்கே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக் கட்டியிருந்த ஆரஞ்சுப் பதாகையின் சாயல் வில்லையில் விழுகிறது என்றார் இன்ஜினியர். பதாகையை இறக்கினோம். வாசலில் கோழி சுடுகிற கடையின் புகை என்றார். கடையை நாலு கெஜம் தள்ளிப் போட்டோம். உப்புக்காற்று என்றார். உப்புக்காற்றைத் தள்ளிப் போட வழியில்லாததால் அதுவே நிலைத்தது. வில்லை புதுப்பொருள், புது இடம், கொஞ்சம் கூச்சப்படும் என்றுகூட ஒருநாள் சொன்னார். 'அவசரப்பட வேண்டாம்' என்று ஆரம்பிப்பார், 'கண்ணு ஏமாத்தும்' என்று நடுவில் நிறுத்துவார், 'இதை நான் சொல்லல, அனுபவம் சொல்லுது' என்று முடிப்பார். வட்டாரத் தலைவி கப்பித்தானா ரொசிந்தா நல்ல பெண்மணி, வேகமாக முடிவெடுப்பவர். ஆனால் அனுபவம் பேச ஆரம்பித்தால் அவரும் தட்டில் இருக்கிற வறுத்த வாழைப்பழத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பந்தாட்டப் போட்டியின் கடைசிச் சுற்று வேறு நடந்துகொண்டிருந்தது. கூடத்தை மூடினால் ஊர் யாரை மென்று துப்பும் என்பது அவருக்குத் தெரியும்.

செப்டம்பரில் ஏழாம் தூணின் அடி சிவந்தது. ஒரு வாரத்தில் மேலே இருந்ததும் சிவந்தது.

மிஸ் அராசெலி வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே கடிதம் கொடுத்தார். கூடத்தை மூட வேண்டும். தூணின் அடியில் பூசியிருக்கிற கான்கிரீட்டை உடைத்து உள்ளே இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டே வரி. இன்ஜினியர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். கான்கிரீட்டை உடைப்பது என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் உதடு லேசாக அசைந்தது. மகளுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்று எழுதிய கடிதத்தை ஒருவர் படிப்பது போல இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கேலி பேசுகிற நான் அதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு அவர் தன் இனத்தின் மரபுப்படி நடந்துகொண்டார். குழு அமைத்தார். சிவப்பா இல்லையா என்று முடிவு செய்ய மூன்று பேர்: பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர், பெயிண்டுக் கடைக்காரர், தலைவராக அவரே. ஓவிய ஆசிரியர் சிவப்பு என்றார். பெயிண்டுக் கடைக்காரர் தன் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் கம்பெனி இதைக் கூரை ஓட்டு நிறம் என்ற பெயரில்தான் விற்கிறது என்றார். சரிக்குச் சரியாக இருந்ததால் தலைவரின் ஓட்டு தேவைப்பட்டது. கூரை ஓட்டு நிறத்துக்கு ஐந்தாவது கட்டம் போட்டேன்.

அக்டோபரில் ஊர்த் திருவிழா. கூடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று இன்ஜினியர் யோசனை சொன்னார், எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டு தூணுக்கும் ஒரே இலைப் பச்சை. வில்லைகளைச் சுற்றிக் கவனமாக அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், பார்க்க நன்றாக இருக்காது என்று அவற்றின் மேலேயும் அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். இரண்டு பூச்சு.

திருவிழா முடிந்த வாரம் மிஸ் அராசெலி எனக்கு போன் செய்தார். அவருடைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஏழாம் தூண் இப்போது என்ன நிறம் என்று கேட்டார். நான், "பச்சை" என்றேன். சாயம் திரும்பிப் போகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோளாறான வில்லையைச் செய்துவிட்டோமோ என்ற கவலை அந்தக் குரலில் இருந்தது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பச்சைதான். டப்பாவின் மேல் 'இலைப் பச்சை' என்று எழுதியே இருந்தது.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் எங்கள் கரைக்கு மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தது; எங்கள் கணக்கில் மூன்று என்றால் கூரை பறக்கும். பத்து மணிக்குள் கடற்கரைக் குடிசைகள் காலியாகிவிட்டன. இருநூற்று முப்பது பேர், மூட்டை, பாய், அரிசிச் சட்டி, கால் கட்டிய கோழிகள், ஒரு பன்றிக்குட்டி, எல்லாம் கூடத்து வாசலில். மழை சாய்ந்து அடித்தது. வாசல் பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் மானாங் தெலிங் நின்றிருந்தார். சாவி அவர் ரவிக்கைக்குள்.

கப்பித்தானா ரொசிந்தா மெகாபோனோடு வந்தார். இன்ஜினியர் மழைச்சட்டையோடும் ஒரு காபிப் பிளாஸ்க்கோடும் வந்தார். நான் பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தேன்.

"தொறங்க மானாங். ஜனங்க மழையில நிக்கிறாங்க" என்றார் இன்ஜினியர்.

"மழையில நின்னா நனைவாங்க இன்ஜினியர். அப்புறம் காஞ்சுக்கலாம்."

மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர். அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று மானாங் தெலிங் கப்பித்தானாவைப் பார்த்துச் சொன்னார். இந்தக் காற்றில் குழந்தைகளோடு அவ்வளவு தூரமா என்று கப்பித்தானா தயங்கினார். தான் கட்டிய கூடம் மூன்று புயலைப் பார்த்தது என்று இன்ஜினியர் சொன்னார். அதுவும் உண்மைதான்.

மானாங் தெலிங் அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, தான் மட்டும் உள்ளே போய், இடுப்பில் செருகியிருந்த மீன் செதில் சுரண்டுகிற கத்தியால் ஏழாம் தூணின் அடியில் சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு பூச்சு உரிந்து சுருள் சுருளாக விழுந்தது. கம்பி வலைக்கு வெளியே ஜனங்கள் கூடிவிட்டார்கள். பச்சைக்கு அடியில் சிவப்பு இருந்தது. நன்றாக, கொழுத்துப்போய் இருந்தது.

"அது ப்ரைமர்" என்றார் இன்ஜினியர். "எந்த இரும்பச் சுரண்டினாலும் அடியில சிவப்பு ப்ரைமர்தான் வரும்."

நல்ல பதில். இரும்புக்கு முதலில் அடிக்கிற பூச்சு சிவப்புதான் என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். மானாங் தெலிங் எழுந்து எட்டாம் தூணுக்குப் போனார். அதன் அடி வில்லையையும் சுரண்டினார். பச்சைக்கு அடியில் பச்சை.

"இதுக்கு ப்ரைமர் அடிக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். கேலி கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று தோன்றும். பிறகு என்னைப் பார்த்தார். "தோத்தோ, எழுதறவன் நீதான். சொல்லு. இது என்ன நிறம்?"

இருநூற்று முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஜினியர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் சிவப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு மானாங்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். ஆனால் வலையை ஒட்டி, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு மீனவப் பெண் அந்த வில்லையை நன்றாக உற்றுப் பார்த்தாள். கீழே வைத்த மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அவள் பின்னால் அவள் மாமியார். மாமியார் பின்னால் பன்றிக்குட்டிக்காரர். பத்து நிமிடத்தில் வாசல் காலி. யாரும் எந்தத் தீர்மானமும் போடவில்லை. கப்பித்தானா கடைசி ஆளாக மெகாபோனைத் தூக்கி, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று அறிவித்துவிட்டு, நடக்க முடியாதவர்களுக்காகக் குப்பை லாரியை வரவழைக்க ஓடினார்.

இன்ஜினியர் போகவில்லை. கூடத்துக்குள் போனார். அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவி, ஏழாம் தூணை ஒட்டிப் போட்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் கட்டடத்தைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

நானும் மானாங் தெலிங்கும் எதிரில் இருந்த கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். நேரம் போகப் போகக் காற்று ஏறியது. தகரம் படபடத்தது, பிறகு கூரையே மூச்சு விடுவது போல மேலே போய்க் கீழே வந்தது. அவர் அசையவில்லை. முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல இருந்தார். மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். அவசரப்பட வேண்டாம் என்று மூன்று தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை தூணைச் சாவியால் தட்டிக் காதை வைத்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. இந்த முறை ஒன்றும் சொல்லாமல் காதை எடுத்துக்கொண்டார்.

இரண்டரை மணி இருக்கும். மானாங் தெலிங் மழைக்குப் போர்த்தியிருந்த சாக்குத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் ஓடினேன். அவர் இன்ஜினியருக்கு முன்னால் போய் நின்றார். தூண் பத்திரமில்லை என்றோ, வெளியே வாங்க என்றோ சொல்லவில்லை.

"இன்ஜினியர், நான் வீட்டுக்குப் போகணும். என் வீட்டுக் கூரையையும் கட்டணும்ல. நீங்க உள்ள இருந்தா நான் எப்படிப் பூட்டறது? பூட்டாமப் போனா நாளைக்கு நாற்காலி ஒண்ணு குறைஞ்சாலும் என்னத்தான் கேப்பீங்க."

அவர் யோசித்தார். நாற்காலிகளைப் பார்த்தார். அவர் போட்ட விதிதான் அது. பூட்டாமல் போகக் கூடாது என்று அலுவலகச் சுவரில் அவர் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது.

"உங்களுக்காகத்தான் எந்திரிக்கிறேன்" என்றார்.

"தெரியும் இன்ஜினியர்."

உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துப் பழையபடி அடுக்கில் செருகினார். மெதுவாக நடந்து வெளியே வந்தார். நான் அப்படி ஒரு மெதுவான நடையை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என் கால் இரண்டும் ஓடு ஓடு என்றன. மானாங் தெலிங் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.

இருபது நிமிடம் கழித்துக் கூடம் விழுந்தது. பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருப்பீர்கள். புயலில் எதுவும் தனியாகக் கேட்காது. கடல் பக்க மூலை முழங்காலை மடக்குவது போல மடங்கியது. கூரை அந்தப் பக்கமாகச் சரிந்து, மற்ற தூண்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நாற்காலிகளின் மேல் படுத்தது. ஜனங்கள் பாய் விரித்திருக்க வேண்டிய தரையில் இரண்டு முழ இடைவெளிகூட இல்லை. வாசற்கதவு மட்டும் நின்றது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேர். இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு இல்ல" என்றார். "எட்டுதான் மொதல்ல போச்சு."

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திறக்கப் பார்த்தார். விரல்கள் வழுக்கின. மறுபடி பார்த்தார். மானாங் தெலிங் அதை வாங்கித் திறந்து, மூடியில் காபியை ஊற்றி, அவருடைய இரண்டு கையையும் சேர்த்து அதைப் பிடிக்க வைத்தார். குடிக்கும்போது பாதி மழைச்சட்டையில் போயிற்று.

நாலாம் நாள் மிஸ் அராசெலி வந்தார். ஏழாம் தூணின் அடியில் கான்கிரீட் தானாகவே உடைந்திருந்தது. உள்ளே இரும்பு அடிப்பிடித்த சோறு மாதிரி ஏடு ஏடாக இருந்தது. நீர்க்குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் எத்தனை வருடமாகவோ உள்ளே இறங்கியிருக்கிறது. இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். ஒரு பிடி துருவை எடுத்து நசுக்கிப் பார்த்தார். தூளாயிற்று. அவர் மிஸ் அராசெலியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அடியில் முதல்முதலாக நிறம் மாறிய ஜூன் மாதமே உடைத்துப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? ஒரு தூணை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்றார் அவர். இன்ஜினியர் நன்றி சொன்னார். பளிங்குக் கல் இருந்த பக்கம் போகவில்லை.

என்னிடமும் மிஸ் அராசெலி ஒரு கேள்வி கேட்டார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். என் பதிலையும்தான்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது இன்ஜினியர் வழக்கம்போல நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். 'கடும் காற்றின் காரணமாகக் கூரை தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டது' என்றார். நான் 'கூடம் விழுந்தது' என்று தட்டினேன். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதற்கு மாறாக நான் தட்டிய முதல் இரண்டு சொற்கள். அவர் காகிதத்தை எடுத்துப் படித்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் அடுத்ததாகக் குடையைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பேனாவைக் கேட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். போன வாரம் அவர் மனைவி இருமலுக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, இருமலா கனைப்பா என்று அங்கே அரைமணி நேரம் விவாதம் நடந்ததாகக் கேள்வி. இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. எங்கள் ஊரில் மட்டும் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம்.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். எங்கள் சமையலறையில் காலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. எதற்கு இவ்வளவு கீழே மாட்டினீர்கள் என்று மனைவி கேட்டாள். உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கும் என்றேன். சமையலறையில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை. மார்ச் மாதம் அது இன்னும் கொஞ்சம் மேலே இருந்தது, அதன் பின்னால் இருக்கிற விரிசலும்தான். ஏப்ரலில் பக்கத்திலேயே இரண்டாவதாக ஒன்றை மாட்டினேன், மீன் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது.

அது போகட்டும். உங்கள் வீட்டில் காலண்டர் எந்த உயரத்தில் தொங்குகிறது?